ஆம்பியர் முள் சொன்னது

பழைய புல்லட்டில் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். அதுதான் ஆம்பியர் மீட்டர். இன்றைக்குப் பழைய வண்டி வாங்கி ஓட்டுகிற பலர் அதை அழகுக்கு வைத்தது என்றே நினைக்கிறார்கள். என் கணக்கில், தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறை ஆண்களுக்கு மின்சாரம் என்றால் என்னவென்று காட்டிய கருவி அது. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் காட்டியது.

ஊத்துக்கோட்டையில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. பெரியபாளையம் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் திருவொற்றியூர். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்ட் இந்தியா'வைத் தொடங்கின. தொழிற்சாலை எழுந்தது திருவொற்றியூரில். எல்லைக் காவலுக்கு ராணுவம் கேட்ட வண்டி 350 சிசி புல்லட். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் கருவிகளே வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் முழு வண்டியும் இங்கேயே உருவானது. அதற்கு முந்தைய வருஷம், 1961-ல், லூகாஸ் டிவிஎஸ் தொடங்கியது. பாடியில் அதன் தொழிற்சாலை வந்தது. பர்மிங்காமில் சைக்கிள் விளக்கு செய்துகொண்டிருந்த ஜோசப் லூகாஸின் பெயர் இப்படித்தான் மெட்ராஸ் வண்டிகளின் மின்பாகங்களில் ஏறியது. அந்தப் பெயரை 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்வது பிரிட்டிஷ் வண்டிக்காரர்களின் பழக்கம்.

சரி, அந்த முள் என்ன சொல்கிறது? அதற்கு முன் பொறி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். பேட்டரியில் இருப்பது 6 வோல்ட், பிந்தைய வண்டிகளில் 12. பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய வேண்டுமென்றால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இந்த வித்தையைச் செய்வது காயில். உள்ளே ஒரே இரும்பைச் சுற்றி இரண்டு கம்பிச் சுற்றுகள்: ஒன்றில் தடித்த கம்பி, சில நூறு சுற்று; மற்றதில் மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்று. முதல் சுற்றில் கரண்ட் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகும். அந்தக் கரண்டைச் சட்டென்று வெட்டினால் காந்தப்புலம் சரியும். சரிகிற வேகத்தில் இரண்டாவது சுற்றில் வோல்டேஜ் எகிறும். ஃபாரடே 1831-ல் கண்ட விஷயம்தான் இது. 1910 வாக்கில் அமெரிக்காவில் கெட்டரிங் இதைப் பேட்டரி, காயில், பாயிண்ட் என்று காருக்குள் அடக்கினார்.

வெட்டுகிற வேலை பாயிண்டுக்கு. இரண்டு சின்ன உலோகக் குமிழ்கள். இன்ஜினோடு சுழலும் கேம் அவற்றைப் பிரித்து, மறுபடி சேரவிடும். பிரியும் கணத்தில் பொறி. பிரியும்போது பாயிண்டுகளுக்கு நடுவிலேயே தீப்பொறி பறந்து சக்தி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சர். புல்லட்டில் இந்தக் கேம் இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதனால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, கம்ப்ரஷன் முடியும் இடத்தில் மட்டும் பாயிண்ட் திறக்கும்.

இப்போது முள்ளுக்கு வருவோம். சாவியைத் திருப்பிவிட்டு கிக்கரை மெதுவாக மிதியுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே போகும். முள் மைனஸ் பக்கம் சாயும். மிதித்துக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் முள் பூஜ்யத்துக்குத் துள்ளி வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இடது கைப்பக்கம் இருக்கும் டிகம்ப்ரஸர் லீவரை இழுத்துப் பிஸ்டனை உச்சி தாண்ட ஒரு துளி நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுசாக மிதிக்க வேண்டும். 'புல்லட்டை உதைக்கத் தெரியணும்' என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்தத் தெரிதலில் பாதி முள்ளைப் படிப்பதுதான். கால் பலம் அதற்கு அப்புறம்.

வண்டி ஓடும்போது முள் பிளஸ் பக்கம் போனால் சார்ஜ் ஏறுகிறது. வேகத்திலும் மைனஸிலேயே நின்றால் எங்கோ கோளாறு. ஒரே ஒரு முள். அதை வைத்து ஸ்டார்ட்டிங், சார்ஜிங், ஷார்ட் சர்க்யூட் என்று மூன்றையும் கண்டுபிடித்தார்கள் நம் மெக்கானிக்குகள். பாயிண்டைத் தேய்க்க உப்புத்தாள், இடைவெளி பார்க்க பீலர் கேஜ், எந்தக் கணத்தில் திறக்கிறது என்று பார்க்க நடுவில் செருகிய சிகரெட் தாள். தாள் எப்போது வழுக்கி வெளியே வருகிறதோ அப்போது பொறி. பிஸ்டன் உச்சிக்கு வரச் சுமார் 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது அது நடந்தால் டைமிங் சரி.

இந்த அறிவு எப்படி இவ்வளவு பரவியது? என் பதில் கொஞ்சம் சங்கடமானது: வண்டி மாறவே இல்லை, அதனால்தான். இறக்குமதிக்குத் தடை, விரிவாக்கத்துக்கு லைசென்ஸ், போட்டிக்கு ஆள் குறைவு. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடியது. 1970-ல் இங்கிலாந்தில் அந்தப் பெயரே நின்றுபோனது. திருவொற்றியூரில் மட்டும் 1955-ன் வடிவம் ஓடிக்கொண்டிருந்தது. 1977-ல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். பொருளாதார வல்லுநர் இதைத் தேக்கம் என்பார், தப்பில்லை. ஆனால் அப்பா கற்ற சர்க்யூட்டை மகனும் அப்படியே கற்க முடிந்தது. புத்தகம் மாறாத பள்ளிக்கூடம் மாதிரி.

இதைத் தங்கக்காலம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. பாயிண்ட் தேயும், ஈரம் பட்டால் முரண்டு பிடிக்கும். 6 வோல்ட் வெளிச்சத்தில் ராத்திரிச் சாலையில் மாடு எது, நிழல் எது என்று பிரிப்பது கஷ்டம். டைமிங் பிசகினால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் போகும். அந்த உதையே பல பெண்களையும் வயதானவர்களையும் வண்டிக்கு வெளியே நிறுத்தி வைத்தது. பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டி வந்தபோது யாருக்கெல்லாம் சாலை திறந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1994-ல் கம்பெனி ஐஷர் கைக்குப் போனது. 2000-களின் தொடக்கத்தில் எலக்ட்ரா மாடலில் பாயிண்டின் வேலையை எலக்ட்ரானிக் பெட்டி எடுத்துக்கொண்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் பெட்ரோல் தெளிப்பதையும் பொறியையும் ஒரே கம்ப்யூட்டர் கவனிக்கிறது. புகை குறைந்தது, பராமரிப்பு குறைந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது: கோளாறைப் படிக்க ஸ்கேனர் வேண்டும், அது எல்லார் கையிலும் இல்லை. முன்பு முள்ளை ஓட்டுபவனும் பார்த்தான், மெக்கானிக்கும் பார்த்தான். இருவருக்கும் ஒரே தகவல். இன்று தகவல் இருக்கிறது, முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி யாரிடம் என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்துப் பையன்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போய்வருகிற வண்டிகளில் அந்த முள் கிடையாது. வேண்டும் என்று நானும் கேட்க மாட்டேன். ஆனால் தன் வண்டி தனக்கு என்ன சொல்கிறது என்று படிக்கும் உரிமை அவர்களுக்கும் இருக்க வேண்டும். ஸ்கேனரோ, செல்போன் ஆப்போ, எதுவாகவும் இருக்கட்டும். முள்ளின் இடத்தில் ஏதாவது ஒன்று வண்டிக்காரன் கண்ணுக்கு எதிரில் இருக்க வேண்டும்.