பேட்டன் (1970 திரைப்படம்)

பேட்டன், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜார்ஜ் எஸ். பேட்டனின் (1885–1945) போர்க்கால வாழ்க்கையைச் சொல்லும் அமெரிக்கத் திரைப்படம். இயக்கியவர் ஃபிராங்க்ளின் ஜே. ஷாஃப்னர், வெளியிட்டது ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ். பேட்டனாக ஜார்ஜ் சி. ஸ்காட்டும், ஜெனரல் ஓமர் பிராட்லியாகக் கார்ல் மால்டனும் நடித்தனர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படம் 1970 பிப்ரவரியில் வெளிவந்து, சிறந்த படம், இயக்குநர், நடிகர், திரைக்கதை உள்ளிட்ட ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது.

1943இன் தொடக்கத்தில் துனீசியாவின் காசரீன் கணவாயில் அமெரிக்கப் படை அடிவாங்கியதற்குப் பின் பேட்டன் பொறுப்பேற்பதிலிருந்து, 1945இல் பதவியிழப்பது வரை கதை நகர்கிறது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து விளையாட்டுகள் அடங்கிய போட்டியில் அவர் ஐந்தாமிடம் பெற்றதோ, முதல் உலகப் போரில் டாங்கிப் படை நடத்தியதோ காட்சியாக வருவதில்லை. 1945 டிசம்பரில் ஜெர்மனியில் கார் விபத்தில் காயமடைந்து இறந்ததும் இல்லை. நாயோடு தனியே நடந்துபோகிறவராகவே கடைசியாக அவரைப் பார்க்கிறோம். பின்னால் ஒரு காற்றாலை நிற்கிறது. காற்றாலைகளோடு சண்டையிட்ட கதை நாயகன் டான் கிஹோட்டேயை நினைவூட்டவே அது வைக்கப்பட்டது என்பது வெளிப்படை.

தொடக்கக் காட்சி

திரையை முழுதாக அடைத்திருக்கும் அமெரிக்கக் கொடி. அதன் அடியிலிருந்து ஒரு சிறு உருவம் படியேறி மேடைக்கு வருகிறது. கேமரா துண்டு துண்டாகக் காட்டுகிறது: சல்யூட் அடிக்கும் கை, மோதிரங்கள், மார்பு நிறையப் பதக்கங்கள், தந்தப் பிடி போட்ட கைத்துப்பாக்கி, குதிரைச் சவுக்கு, நான்கு நட்சத்திரம் பதித்த ஹெல்மெட். பிறகு ஆறு நிமிடப் பேச்சு. கேட்கும் படைவீரர்கள் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை; திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தே அவர் பேசுகிறார். 1944இல் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் தன் மூன்றாம் படையினரிடம் பேட்டன் ஆற்றிய உரைகளின் திரை வடிவம் இது. அசலில் இருந்த கெட்ட வார்த்தைகள் பெருமளவு வடிகட்டப்பட்டவை. அந்த உரைகளின்போது அவருக்கு மூன்று நட்சத்திரம்தான். நான்காவது 1945 ஏப்ரலில் வந்தது. குரலும் அசல் அல்ல. உண்மைப் பேட்டனுக்குக் கீச்சுக்குரல். ஸ்காட்டின் கரகரப்பே இன்று பலர் மனத்தில் பேட்டனின் குரலாகத் தங்கிவிட்டது.

உருவாக்கம்

தயாரிப்பாளர் ஃபிராங்க் மக்கார்த்தி, போர்க்காலத்தில் தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலின் அலுவலகத்தில் பணியாற்றிய முன்னாள் ராணுவ அதிகாரி. 1950களின் தொடக்கத்திலேயே இந்தப் படத்துக்கு முயன்றார். பேட்டன் குடும்பத்தார் ஒத்துழைக்க மறுத்தார்கள். ஆகவே லாடிஸ்லாஸ் ஃபராகோ எழுதிய வாழ்க்கை வரலாறும், பிராட்லியின் போர் நினைவு நூலும் மூலமாயின. பிராட்லியே படத்துக்கு ஆலோசகர். மால்டனின் பிராட்லி அத்தனை நிதானமும் நல்ல மனமும் கொண்டவராக வருவதைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. பேட்டனும் பிராட்லியும் உண்மையில் அவ்வளவு நெருங்கியவர்களும் அல்லர். மேலிடத் தளபதியான ஐசனோவரோ படத்தில் தலைகாட்டுவதே இல்லை; அவர் உத்தரவுகள் மட்டும் வருகின்றன.

திரைக்கதையின் முதல் வடிவத்தை எழுதியவர் அப்போது இருபதுகளில் இருந்த ஃபிரான்சிஸ் ஃபோர்டு கப்போலா. பேட்டனை வீரனாக மட்டும் காட்டினால் போர் வெறுப்பாளர்கள் சிரிப்பார்கள், பித்தனாக மட்டும் காட்டினால் படமே எடுக்க முடியாது. இரண்டையும் ஒரே ஆளிடம் வைப்பது என்று அவர் தீர்மானித்தார். நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை, குறிப்பாக அந்தத் தொடக்கக் காட்சி. அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளை எழுதவைத்தார்கள். ஸ்காட் பிடிவாதமாகக் கப்போலாவின் பிரதியையே கேட்டதால் அது மீண்டும் வெளியே எடுக்கப்பட்டு, எட்மண்ட் எச். நார்த் கையில் திருத்தம் பெற்றது. நடிகர் ராட் ஸ்டைகர் பேட்டன் வேடத்தை மறுத்துவிட்டுப் பின்னாளில் வருந்தினார்.

படப்பிடிப்பின் பெரும்பகுதி ஸ்பெயினில் நடந்தது. ஆள், ஆயுதம், டாங்கி எல்லாம் ஸ்பானியப் படை கொடுத்தது. அவற்றில் பல, போருக்குப் பின் பேட்டன் பெயராலேயே தயாரிக்கப்பட்ட டாங்கிகள். ஜெர்மன் சின்னம் பூசிக்கொண்டு பேட்டனையே எதிர்த்து வருகின்றன! 1965இல் இந்தியாவுடனான போரில் பாகிஸ்தான் கொண்டுவந்து கேம்கரன் பகுதியில் இழந்ததும் இதே வகை டாங்கிகளைத்தான். கைப்பற்றியவை குவிக்கப்பட்ட இடத்துக்கு அன்று ‘பேட்டன் நகர்’ என்றே பெயர் வந்தது.

முற்பிறவியில் பண்டைப் போர்க்களங்களில் சண்டையிட்டதாகப் பேட்டன் நம்பினார். கார்த்தேஜ் இடிபாடுகளில் அவர் அதை விவரிக்கும் காட்சி மொராக்கோவின் வொலூபிலிஸில் எடுக்கப்பட்டது. ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் இசையில் எதிரொலித்து மங்கும் டிரம்பெட் ஓசை இந்த நம்பிக்கைக்கு உரியது. பக்திக்கு ஆர்கன், படைக்கு அணிவகுப்பு மெட்டு. இசை ஒலிக்கும் நேரம் குறைவு என்பதால் வரும்போதெல்லாம் அது பதிகிறது.

அறை

சிசிலியில் ஒரு மருத்துவமனைக் கூடாரம். முகமெல்லாம் கட்டுப்போட்ட வீரனின் அருகே பேட்டன் மண்டியிட்டு வேண்டுகிறார். தலையணையில் பதக்கம் வைக்கிறார். நாலடி தள்ளி, உடம்பில் காயமில்லாத ஒருவன் நடுங்கிக்கொண்டு அழுகிறான். நரம்பு தாங்கவில்லை என்கிறான். அவனைக் கையுறையால் அறைந்து, கோழை என்று கத்தி, போர்முனைக்கு அனுப்பச் சொல்கிறார். இரக்கமும் குரூரமும் ஒரே நிமிடத்தில், ஒரே ஆளிடமிருந்து. படத்தின் உச்சம் இதுவே.

உண்மையில் நடந்தவை இரண்டு: 1943 ஆகஸ்ட் 3 அன்றும் 10 அன்றும், இரு வேறு மருத்துவமனைகளில். முதல் வீரருக்கு மலேரியா இருந்தது பின்னர் தெரிந்தது. ஐசனோவர் கண்டித்து மன்னிப்புக் கேட்கவைத்தார். நிருபர்கள் அடக்கி வாசித்த செய்தியை நவம்பரில் பத்திரிகையாளர் ட்ரூ பியர்சன் வானொலியில் உடைத்தபோது நாடே கொதித்தது. பேட்டன் மாதக்கணக்கில் போர்முனைப் பொறுப்பின்றி இருந்தார். உண்மையில் இல்லாத ஒரு படைக்கு இங்கிலாந்தில் தலைவராகக் காட்டி ஜெர்மானியரை ஏமாற்ற அவர் பெயர் பயன்பட்டது.

விடுபட்டவை

பேட்டனின் குறைகளை மறைக்காத படம் என்று பெயர் வாங்கியது இது. அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும். 1943 ஜூலை 14 அன்று சிசிலியின் பிஸ்காரியில் அவருடைய படையினர் எழுபதுக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணையில், தளபதியின் பேச்சே தூண்டியது என்று வாதிடப்பட்டது. 1945 மார்ச்சில், எதிரி எல்லைக்குள் வெகுதூரத்தில் இருந்த ஹாமல்பர்க் கைதிகள் முகாமை மீட்க ஏறத்தாழ 300 பேரை அனுப்பினார். அங்கே அவருடைய மருமகன் அடைபட்டிருந்தார். அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. போர் முடிந்ததும் முகாம்களில் இருந்த யூத அகதிகளைப் பற்றி நாட்குறிப்பில் அவர் எழுதியவை அருவருப்பானவை. இவற்றில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. நாஜிக் கட்சியை அமெரிக்கக் கட்சிகளோடு ஒப்பிட்டுப் பதவியிழந்தது மட்டும் வாய்த்துடுக்காக வந்துபோகிறது. படம் காட்டும் குறைகள் எல்லாம் மன்னிக்கக்கூடிய குறைகள்.

வரவேற்பு

வியட்நாம் போர் அமெரிக்காவைப் பிளந்திருந்த நேரம். போரை ஆதரித்தவர்கள் இதில் தங்கள் நாயகனைக் கண்டார்கள். எதிர்த்தவர்கள், போரையே காதலிக்கும் மனிதன் எப்படியிருப்பான் என்பதைக் கண்டார்கள். அதிபர் நிக்சன் வெள்ளை மாளிகையில் மறுபடியும் மறுபடியும் போட்டுப் பார்த்தார். 1970 ஏப்ரல் 30 அன்று கம்போடியாவுக்குள் படை அனுப்புவதாக அவர் அறிவித்தபோது பத்திரிகைகள் இரண்டையும் முடிச்சுப் போட்டன. அதே ஆண்டு, அதே நிறுவனம், போரை எள்ளி நகையாடும் ‘மேஷ்’ படத்தையும் வெளியிட்டது; சிறந்த படத்துக்கான ஆஸ்கரில் இரண்டும் மோதின.

நடிகர்களைப் போட்டியில் நிறுத்துவது தனக்கு ஒவ்வாது என்று ஸ்காட் முன்கூட்டியே அறிவித்திருந்தார். ஆனாலும் 1971 ஏப்ரல் 15 விழாவில் அவர் பெயரே வாசிக்கப்பட்டது. மக்கார்த்தி மேடையேறி வாங்கினார். விருது பிறகு அகாடமிக்கே திருப்பி அனுப்பப்பட்டது. சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை மறுத்த முதல் நடிகர் ஸ்காட். 1986இல் பேட்டனின் இறுதி நாட்களைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தில் மீண்டும் அதே வேடம் ஏற்றார். 2003இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ‘பேட்டன்’ படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.