நீர்க்கட்டிக்குப் பட்டா இல்லை

காவேரிப்பாக்கம் ஏரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பல்லவ மன்னனிடமிருந்து தொடங்குவார்கள். நாம் நீர்க்கட்டியிடமிருந்து தொடங்குவோம். மடை திறப்பது, அடைப்பது, கால்வாயில் தூர் எடுப்பது, மழை மிஞ்சினால் வயலில் தேங்கிய நீரை வடியவைப்பது எல்லாம் அவர் வேலை. பாலாற்றங்கரை ஊர்களில் பெரும்பாலும் அவர் சேரியைச் சேர்ந்தவர். கூலி, அறுவடையில் அளந்து போடும் நெல்.

1858இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஏரிக்கரை உடையும் ஆபத்து என்றால், 'உழைக்கும் வகுப்பை'ச் சேர்ந்த உடல் வலுவுள்ள ஆண்கள் அனைவரையும் ஊர்த் தலைவர் வேலைக்கு அழைக்கலாம். யாரை அழைக்கச் சொன்னது என்று கவனியுங்கள் தோழர்களே! கரை காப்பாற்றுவது யாருடைய பயிரை? வழக்கமான குடிமராமத்துக்கு வராதவர், அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். குடிமராமத்தை ஊர் ஒற்றுமை என்று கொண்டாடுகிறவர்கள் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பிறகு ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகள் பெருகின. மழைநீர் வடிந்த கால்வாய்களில் கழிவுநீர் ஓடியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை 1996 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவுசெய்தது. வயல் தரிசானால் நிலக்காரர் காட்டப் பட்டா இருக்கிறது. வேலையும் நெல்லும் போன நீர்க்கட்டி எதைக் காட்டுவார்?