காணொளிச் சுருக்கமும் நசீர் அகமதுவும்

தொகுத்து முடித்த காணொளியின் கோப்பு அளவை இணையத்தில் பகிர்வதற்கு ஏற்பக் குறைப்பது காணொளிச் சுருக்கம் எனப்படும். 1920 × 1080 படப்புள்ளிகளுடன் நொடிக்கு 25 சட்டகங்கள் ஓடும் முழுவண்ணக் காணொளி, சுருக்கப்படாவிட்டால் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 155 மெகாபைட் இடம் பிடிக்கும்.

இன்றைய சுருக்க முறைகளுக்கு அடித்தளமான தனித்த கோசைன் உருமாற்றத்தை முன்மொழிந்தவர், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை இந்த ஆய்வுக்கு நிதி தர மறுத்தது. கருத்து மிகவும் எளிமையாக இருப்பதாக மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினார். அகமது மனம் தளராமல் 1973 கோடை முழுவதையும் இதற்கே செலவிட்டார். டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1974 சனவரியில் வெளியானது.

இம்முறையில் படம் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கண் எளிதில் உணராத நுண்விவரங்கள் குறைக்கப்படுகின்றன. எச்.261 (1988), எச்.264 (2003) ஆகிய தரங்கள் இதன் வழிவந்தவை. வாலாஜாபாத்தில் எடுத்த திருமணக் காணொளி வெளிநாட்டு உறவினரின் கைப்பேசியை எட்டுவதும் இத்தகைய சுருக்கத்தால்தான். எனினும் மீண்டும் மீண்டும் சுருக்கினால் தரம் குறையும். எனவே மூலக் கோப்பைப் பாதுகாப்பது அவசியம்.