கசற்றில் இருக்கும் குரலைக் காப்பாற்ற

இடம்பெயர்ந்தபோது புகைப்பட அல்பத்தோடு கசற்றுகளையும் பொதிக்குள் வைத்தவர்கள் பலர். வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கடிதங்கள், கலியாணவீட்டு ஒலிப்பதிவுகள் என இன்று இல்லாதவர்களின் குரல்கள் அவற்றில் இருக்கின்றன. பழைய ரேப் றெக்கோடரில் போட்டால் குரல் இழுபடுகிறது என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். பல தடவைகளில் பழுது கசற்றில் அல்ல, பெல்ற்றில்தான்.

கசற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடவேண்டும். மோட்டாரின் சுழற்சியைக் கடத்துவது ஒரு மெல்லிய றப்பர் பெல்ற். அது தளர்ந்தால் வழுக்கும். குரல் தடித்து, ஏறி இறங்கும்.

மின்னைத் துண்டித்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பெல்ற் ஓடும் பாதையைக் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். வெடிப்பின்றி இறுக்கமாக இருந்தால், மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு மாட்டலாம். எண்ணெய் படக்கூடாது. தளர்ந்தோ தார்போல உருகியோ இருந்தால் புதியதுதான் போடவேண்டும். அதற்கு முன், சில்லுகளில் ஒட்டியிருப்பதை ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். நாடா உரசிச் செல்லும் ஹெட்டையும் அப்படியே துடையுங்கள்.

முதலில் வேறொரு கசற்றைப் போட்டுச் சோதியுங்கள். குரல் உள்ள கசற்றின் மேல்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளை உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறொன்று பதிவாகாது. சரியாக ஓடும் முதல் தடவையே கணினியில் பதிந்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். பேசுபவரின் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள். அது யாருடைய குரல் என்று பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.