தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி

போன ஞாயிற்றுக்கிழமை தில்லைநகரிலிருந்து தம்பி மகள் போன் பண்ணினாள். வீட்டில் லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறார்கள், மூணு மாசம் ஆகுதாம். "பெரியப்பா, இது வீட்டை விட்டு வெளியவே போறதில்ல. இதுக்கும் வெறிநாய் ஊசி போடணுமா?" என்றாள். போடணும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் ராத்திரி பூரா தூக்கம் வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

1979-ல் எனக்கு ஒன்பது வயசு. மேலூர் பக்கம் வாழைக்கொல்லையில் தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அப்பாயி சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வைத்துக் கட்டினாள். கிணத்துத் தண்ணியில் நாய் முகம் தெரியுதா பார் என்று எட்டிப் பார்க்கவும் வைத்தாள். நல்லவேளை, அப்பா அதோடு விடவில்லை. ஸ்ரீரங்கத்தில் ஒன்னாம் நம்பர் பஸ் ஏறி, சத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து புத்தூர் பெரியாஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி தினம் ஒன்றாக பதினாலு ஊசி. வயிறு கல்லு மாதிரி வீங்கிக் கிடக்கும். நான் கத்திய கத்தலை தினமும் கூட வந்து பார்த்தவன் பெரியப்பா மகன், என்னைவிட மூணு வயசு மூத்த அண்ணன்.

அந்த ஊசிக்கு ஒரு கதை உண்டு. 1885 ஜூலை 6 அன்று பாரிஸில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயசுப் பையனுக்கு முதன்முதலாக வெறிநோய்த் தடுப்பு மருந்து கொடுத்தார். பையன் பிழைத்தான். இந்தியாவுக்கு அந்த வைத்தியம் 1900-ல் வந்தது, ஆனால் வந்த இடம் இமயமலை அடுக்கில் இருக்கிற கசௌலி. நம்ம பக்கத்தில் ஒருத்தரை நாய் கடித்தால் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ரயிலில் போகணும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க் கடிக்கு வைத்தியம் கிடைக்காமல் செத்துப்போனார். தெற்கேயும் ஒரு நிலையம் வேணும் என்ற பேச்சு அதன் பிறகு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு இதற்குப் போனது. 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். சிம்ஸ் பூங்கா பக்கத்தில் இன்னைக்கும் இருக்கு.

திருச்சியிலிருந்து குன்னூர் போவதென்றால் ஈரோட்டில் வண்டி மாறி, மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ரயில். கடிபட்ட பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பயணம் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். போக வழியில்லாதவர்கள்தான் ஜாஸ்தி இருந்திருப்பார்கள்.

1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நோய் ஏற்றிய ஆட்டு மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலம் சேர்த்துக் கிருமியைச் சாகடித்து மருந்தாக்குவது. இதைப் புட்டியில் அடைத்து ஊர் ஊருக்கு அனுப்பலாம். மலை ஏற வேண்டியதில்லை. ஆட்டு மூளை உடம்புக்குள் போவதால் சிலருக்கு கைகால் விழுந்தும் போயிருக்கிறது. ஆனாலும் லட்சக்கணக்கான பேரைக் காப்பாற்றியது இதுதான். எனக்குப் போட்டதும் அதே மருந்துதான். 2004, 2005-ஓடுதான் அதை நம் நாட்டில் நிறுத்தினார்கள். இப்போது கையில் நாலோ அஞ்சோ ஊசி, முடிந்தது.

அடுத்த வருஷம் புரட்டாசியில் எங்கள் வீட்டு நாய்க்குட்டியே அண்ணனைக் கடித்தது. நாங்கள் வளர்த்த குட்டி. வாசலைத் தாண்டாது. எப்போது எந்த நாய் வந்து அதைக் கடித்ததென்று யாருக்கும் தெரியாது. பத்து நாளில் குட்டி செத்துப்போச்சு. அண்ணன் கடிபட்டதை யாரிடமும் சொல்லவில்லை. என் வயிற்றைப் பார்த்தவன் இல்லையா. கார்த்திகையில் ஒரு நாள் தண்ணி குடிக்க முடியலை என்றான். சொம்பைப் பார்த்தாலே தொண்டை இழுத்தது. மூணாம் நாள் போயிட்டான். நோய் வெளியே தெரிந்தபிறகு அன்றைக்கும் மருந்தில்லை, இன்றைக்கும் இல்லை.

விவசாயியாக எனக்கு ஒரு கேள்வி உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோதே மாட்டுக்குத் தடுப்பூசி தெருவுக்கே வந்தது. கோமாரிக்கு, அடைப்பானுக்கு, வெக்கை நோய்க்கு. விடாமல் போட்டுப் போட்டு வெக்கை நோய் 2011-ல் உலகத்திலேயே இல்லாமல் போயிற்று. பால் கறக்கிற மாட்டுக்குச் செய்ததை வாசலில் கிடக்கிற நாய்க்குச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை, எங்கள் வீடு உட்பட. நாய்க்குப் போடவேண்டிய ஊசியை மனுஷன் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தோம். ஜப்பானில் 1950-ல் சட்டம் போட்டு எல்லா வளர்ப்பு நாய்க்கும் ஊசி கட்டாயம் என்றார்கள். 1957-க்குப் பிறகு அங்கே நாய்களிடம் இந்த நோய் இல்லை. ஏழே வருஷம்!

இப்போது எங்கள் வீட்டில் மணி இருக்கிறான். பாஸ்டர் ஊசி போட்ட அதே ஜூலை 6-ல் அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள். எக்ஸ்எல் வண்டியில் முன்னால் சாக்கு விரித்து அவனை உட்காரவைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். தூரத்தில் அந்தக் கட்டடத்தைப் பார்த்தாலே குதிக்கப் பார்ப்பான். போட்ட தேதியை எழுதின அட்டை ரேஷன் கார்டோடு இரும்புப் பெட்டியில் இருக்கு.

காலையில் தம்பி மகளுக்கு நானே போன் பண்ணினேன். சனிக்கிழமை குட்டியைக் கூட்டிப்போறாளாம். "எத்தனை ஊசி பெரியப்பா?" என்றாள். இப்ப ஒண்ணு, டாக்டர் சொல்ற தேதிக்கு இன்னொண்ணு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு என்றேன்.

"அவ்ளோதானா?" என்றாள்.