கடவுள் இல்லை என்பவருக்கு இந்தோனேசியாவில் இடம் உண்டா?

இந்தோனேசிய மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் முஸ்லிம்கள். ஆனாலும் அது இஸ்லாமியக் குடியரசு அல்ல. சரி, அங்கே ஒருவர் ‘எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை’ என்று சொல்லலாமா? விடை தேட 1945-க்குப் போக வேண்டும்.

அவ்வாண்டு ஜூன் 22-ல் உருவான ஜகார்த்தா சாசனத்தில், முஸ்லிம்கள் ஷரியத்தைப் பின்பற்றும் கடமையைக் கூறும் ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இதை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 18-ல் தலைவர்கள் அச்சொற்களை நீக்கினார்கள். பஞ்சசீலம் (நேரு காலத்துப் பஞ்சசீலம் அல்ல, இது வேறு) எனும் அரசுக் கொள்கையின் முதல் கூறு ‘ஒரே இறைவன் மீது நம்பிக்கை’ என்றானது. சிறுபான்மையினரைக் காத்த சமரசம் அது. ஆனால் அதே வாசகம் நாத்திகருக்குக் கதவைச் சாத்திவிட்டது. பாலித் தீவின் இந்துக்கள்கூட ‘சங் ஹ்யாங் விதி’ என்ற ஒரே பரம்பொருளை முன்வைத்துத்தான் பின்னாளில் அரசு அங்கீகாரம் பெற்றார்கள்.

1965-ல் அதிபர் சுகர்ணோவின் ஆணை, குற்றவியல் சட்டத்தில் 156-அ பிரிவைச் சேர்த்தது. மதத்தை இழிவு செய்வதோடு, எந்த மதமும் வேண்டாம் என்று பிறரைத் திருப்பும் நோக்கில் பேசுவதும் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய கம்யூனிஸ்ட் வேட்டையில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மதம் இல்லாதவன் என்றாலே கம்யூனிஸ்ட் என்ற சந்தேகம்! உயிருக்குப் பயந்து பலர் ஏதோ ஒரு மதத்தில் பெயர் கொடுத்தார்கள்.

நம்பாமல் இருப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாய் திறந்தால்தான் வம்பு. 2012-ல் மேற்கு சுமத்ராவின் அரசு ஊழியர் ஒருவர் கடவுள் இல்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதி, நபிகளைப் பற்றிய சித்திரங்களையும் பகிர்ந்தார். மதப் பகையைத் தூண்டினார் என்று இரண்டரை ஆண்டுச் சிறை கிடைத்தது.

மௌனமாக இருப்பவருக்கும் சிக்கல் உண்டு. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏதேனும் ஒரு மத முறையில் நடந்தால்தான் கல்யாணம் செல்லும். நம் நாட்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் போன்ற வழி அங்கே கிடையாது.

2017-ல் அரசியலமைப்பு நீதிமன்றம், மண்ணின் பழைய வழிபாட்டு மரபினருக்கு அடையாள அட்டையில் இடம் தந்தது. மதமே இல்லாதோர் கேட்டபோது, 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. மதச் சுதந்திரம் என்பது மதம் இல்லாதிருக்கும் சுதந்திரம் ஆகாது என்பது அதன் கருத்து. 2026 ஜனவரி 2-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமும் மதத்தைத் துறக்கத் தூண்டுவதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

எல்லா மதங்களுக்கும் இடம் கொடுத்தால் எல்லா மனிதருக்கும் இடம் கொடுத்ததாகிவிடும் என்றே நாம் நினைக்கிறோம். 1945-ல் ஜகார்த்தாவில் கூடியவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.