கொழு தேயும் மண்

1865-ல் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் அரசு ஒரு சோதனைப் பண்ணையைத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த கருவிகளை நம் மண்ணில் ஓட்டிக் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. நாட்டுக் கலப்பை நிலத்தை உழவில்லை, சும்மா கீறுகிறது என்பது அக்காலத்து அதிகாரிகள் பலர் சொன்ன குறை. இரும்புக் கலப்பையை வாங்காத குடியானவனுக்குப் பிடிவாதக்காரன் என்ற பெயர் கிடைத்தது. கலப்பையைப் பார்த்தவர்கள் மண்ணைப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது. மணற்பாங்கான நிலத்துக்கு அந்தக் கீறலே பெரும்பாலும் பொருத்தமான உழவு.

களிமண்ணில் துகள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். மணலுக்கு அந்த ஒட்டு கிடையாது. மணிகளின் உராய்வும், ஈரமிருந்தால் நீர்ப்படலத்தின் இழுப்பும்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. காய்ந்துவிட்டால் கலப்பை முனையான கொழு போன கையோடு சால் சரிந்து மூடிக்கொள்ளும். ஆகவே இங்கே கட்டி உடைக்கிற வேலை குறைவு. பெய்த மழையின் ஈரத்தை விதைப்புவரை காப்பதே பெரிய வேலை. இறக்கை வைத்த இரும்புக் கலப்பை அடியில் கிடக்கும் ஈர மண்ணைப் புரட்டி வெயிலில் போடுகிறது. நாட்டுக் கலப்பை மேல்மண்ணைக் கிளறி, அந்தப் புழுதியையே அடி ஈரத்துக்குப் போர்வையாக்குகிறது. தேய்மானக் கணக்கும் உண்டு. மணலிலுள்ள குவார்ட்ஸ் இரும்பைவிடக் கடினமானது. எந்தக் கொழுவையும் அரம்போல் ராவிவிடும். நாட்டுக் கலப்பையின் கொழு வெறும் பட்டை இரும்பு. நுனி மழுங்கினால் பூணைத் தளர்த்தி முன்னுக்குத் தட்டிக்கொள்ளலாம், உள்ளூர்க் கொல்லனிடம் காய்ச்சி அடித்து வாங்கலாம். இரும்புக் கலப்பையின் தேய்ந்த வார்ப்பிரும்பு முனையைக் கொல்லன் நீட்டித் தர முடியாது; புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

இது பழமைக்குப் பரிந்து பேசுவதல்லவா என்று கேட்கலாம். குடியானவர்கள் புதுமையை வெறுத்தவர்களாக இருந்தால் பெல்லாரியின் கரிசலில் ஸ்வீடன் கலப்பைகள் விலைபோயிருக்காது. அங்கே ஆழ வேரோடிய புல்லை நாட்டுக் கலப்பையால் பெயர்க்க முடியவில்லை. காரணம் இருந்தது, வாங்கினார்கள். 1889-ல் இந்தியா வந்த வேளாண் வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893-ல் வெளியான தம் அறிக்கையில் இந்திய உழவரின் திறமையை மதித்தே எழுதினார். மண்ணைப் புரட்டினால் ஈரம் போய்விடும் என்ற அச்சத்தையும் அவர் தள்ளிவிடவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு நம் பழமொழியிலேயே இருக்கிறது: அகல உழுவதைவிட ஆழ உழு. நாட்டுக் கலப்பை ஆழம் போகாது. அதன் சால் கூம்பு வடிவில் விழுவதால் இரண்டு சால்களுக்கு நடுவே உழாத வரப்பு நிற்கும். அதனால் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை ஓட்ட வேண்டும், மாடும் ஆளும் அலுத்துப்போகும். ஒரே ஆழத்தில் ஆண்டுக்கணக்காக உழுதால் சாலுக்கு அடியில் மண் இறுகித் தளம் போட்டுவிடும். மணல் கலந்த செம்மண்ணிலும் இது நேர்கிறது. இந்தக் குறைகள் உண்மை. ஆனால் இவை ஆழத்தைக் கேட்கின்றன, புரட்டலைக் கேட்கவில்லை. அன்றைய விவாதம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டது.

இரண்டும் வேறு என்பதைக் கற்க அமெரிக்கா பெரிய விலை கொடுத்தது. தென் சமவெளிகளில் புல்தரையைக் கிழித்து, தட்டுக் கலப்பையால் திரும்பத் திரும்ப உழுது தூளாக்கிய நிலம் 1930-களின் வறட்சியில் காற்றோடு போனது; 1935 ஏப்ரல் 14 அன்று எழுந்த புழுதிப் புயல் பகலையே இருட்டாக்கியது. அதன்பின் அங்கே பரவிய கருவிகளில் ஒன்று, மண்ணைப் புரட்டாமல் அடியில் கீறிச் செல்லும் உளிக்கலப்பை. இறுகிய அடிமண்ணை உடைக்கத் தமிழ்நாட்டிலும் இன்று பரிந்துரைக்கப்படுவது அதுதான். நாட்டுக் கலப்பைக்கு எட்டாத ஆழத்துக்கு அது போகிறது. செய்வதென்னவோ, சைதாப்பேட்டைக் காலத்தில் குறையாகச் சொல்லப்பட்ட அதே கீறல்.